பத்துச் சொல் மிச்சம்

ஊரின் பெயர் மராத்தான்.
யாரும் ஓடுவதாகத் தெரியவில்லை.
சுப்பீரியர் ஏரி மட்டும்
கரையில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

டொரோண்டோவிலிருந்து பன்னிரண்டு மணி நேரம்,
வழியில் ஒரு மூஸ், அது என்னைப் பார்க்கவில்லை.
எண்ணூறு சொல்லுக்கு ஒப்பந்தம்,
சொல்லுக்கு நாற்பது சதம்.
"பிரமிப்பூட்டும்" மட்டும் வேண்டாம் என்று
எடிட்டர் எழுதியிருந்தாள்.
போன தடவை ஏழு இருந்ததாம்.

போன தடவை நான் வரவேயில்லை.
அதை அவளிடம் சொன்னதில்லை.

ஆறு வருடம் முன்பு, ஸ்கார்பரோவில்,
குசினி மேசையில் இருந்து எழுதினேன் இந்த ஊரை.
மகளுக்கு முப்பத்தொன்பது பாகை காய்ச்சல்.
ஒரு கையில் ஈரத்துணி,
மறு கையில் சுற்றுலாத் துறைக் கையேடு.
அதில் ஒரு படம்:
அருவி, அதன் உச்சியில் செம்மஞ்சள் வெளிச்சம்.
படத்தில் விடியலும் அந்தியும் ஒன்றுதான்.
நான் அந்தியைத் தேர்ந்தேன்.
விடிய எழும்புகிற வாசகர் குறைவு.

"சூரியன் அருவிக்குள் இறங்குவதைப் பார்க்காமல்
இந்த ஊரை விட்டுப் போகாதீர்கள்."

அந்த வரி இப்போது
டோரீன் லவோயியின் உணவகத்தில்
கல்லாவுக்கு மேலே, சட்டமிட்டு,
ஒரு மூலையில் கெச்சப் தெறித்து.

"ஆலை மூடின பிறகு
எங்களைப் பற்றி நல்லதாக எழுதினது இது ஒன்றுதான்"
என்றாள், முட்டையைப் புரட்டியபடி.
யார் எழுதினது என்று கேட்டேன்.
"ஏதோ நீளப் பெயர்."

பிறகு, உப்பை என் பக்கம் தள்ளி:
"ஒன்று மட்டும் பிழை.
அங்கே சூரியன் இறங்காது. ஏறும்."

நான் கோப்பியைக் கலக்கினேன்.
சீனி போடாத கோப்பி.

"முதல் கோடையில் ஒன்பது கார் வந்தது.
எல்லோரும் பின்னேரம் போய் நின்றார்கள்.
ஒருத்தரும் சண்டைக்கு வரவில்லை.
திரும்பி வந்து பை சாப்பிட்டார்கள்.
ஆர்வோதான் பொறுக்காமல்
ஒரு வாங்கு செய்து போட்டான்,
நிற்கிற சனத்துக்குக் கால் நோகுமென்று."

"அவர்களிடம் சொல்லவில்லையா?"

"எதை?"

பின்னேரம் நானும் நடந்தேன்.
தேவதாரு வாங்கு, ஆணி தெரியாத வேலை.
முதுகுப்பலகை வைக்கவில்லை ஆர்வோ.
எந்தப் பக்கமும் பார்த்து இருக்கலாம்.
இது மறதியா, மரியாதையா?

வின்னிபெக்கிலிருந்து வந்த இருவர்
ஏற்கெனவே இருந்தார்கள்,
ஃபிளாஸ்க்கும் கொசு மருந்துமாக.
"இங்கேதானே?" என்றார் அவர்.
"இங்கேதான்" என்றேன்.
நேரில் வந்து சொன்ன முதல் பொய்.

எங்கள் பிடரிக்குப் பின்னால் எங்கோ
சூரியன் தன் வேலையை முடித்துக்கொண்டிருந்தது.
அருவி சாம்பலாகி,
கறுத்து,
வெறும் சத்தமானது.
அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
மரங்களுக்கிடையே சிவப்பு.
கணவனின் முழங்கையை நோக்கிப் போன கை
பாதியில் நின்று
ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகியது.

மோட்டல் அறையில் எழுநூற்றுத் தொண்ணூறு சொல் முடிந்தது.
பிரமிப்பு ஒன்றுமில்லை.
பத்துச் சொல் மிச்சம்.
ஒரு திருத்தத்துக்கு அது தாராளம்,
நாலு டொலர்.

செலவுப் படிவத்தை நிரப்பினேன்:
பெற்றோல், அறை, முட்டை இரண்டு.
மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்.
அவள் தூங்கியிருப்பாள்,
இப்போது பதின்மூன்று வயது, காய்ச்சல் இல்லை.

பிறகு விடிய நாலரைக்கு
அலாரம் வைத்தேன்.
வாங்கு ஈரமாக இருக்கும்.
துவாய் ஒன்றை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.