துவக்கு

வெள்ளி இரவு ஆறேகால் ரயிலில் வந்தான் சாருகன்.
ஒரு தோளில் அழுக்கு உடுப்புப் பை,
மறு தோளில் அது.
பெட்டி நிறையச் சனமாம்,
ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம்.
சொல்லிக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினான்.

நான் சுவரோடு ஒட்டி நின்றேன்,
லாங்கந்தாலில், வாடகை ஒழுங்காய்க் கட்டுகிற
என் சொந்த நடையில்.
எனக்குப் பதினாறு வயதில்
துவக்கு வாசலுக்கு வந்தால்
முதலில் காலைத்தான் பார்ப்போம்.
செருப்பா, சப்பாத்தா.
எந்தப் பொய் சொல்வதென்று அதற்குப் பிறகு.

ரவை முகாமில், இது வெறும் இரும்பு என்றான்.
இரும்பு கெல்லருக்குப் போனது,
சறுக்குக் கட்டைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில்.
வெடிக்கவைக்கும் பாகத்தைத்
தனியாக வைக்கவேண்டுமாம், சட்டம்.
ஆறாம் வகுப்புப் பென்சில் பெட்டியில் வைத்தான்.
மூடியில் இன்னும் பாதி கிழிந்த கால்பந்துக்காரன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன் கேட்கிறான்:
துவக்கு என்றால்
தொடங்கு என்றும் வருமா, அம்மா?
வரும் என்றேன்.
அதற்கு மேல் சொல்லவில்லை. சோறு ஆறியது.

தபாலில் வாக்கு உறை வந்திருக்கிறது.
வீட்டில் ஆயுதம் வைத்திருப்பதை இறுக்குவதா, விடுவதா.
சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்து மூன்று வருடம்.
அதற்கு முன்
துவக்கைப் பற்றி என் அபிப்பிராயத்தை
ஒருவரும் கேட்டதில்லை.

சனத்தை நம்புகிற அரசாங்கம் இது,
நீ கெடுக்காதை என்கிறார் குகதாசன்,
ஒரு நம்பிக்கையும் இல்லாத நாட்டிலிருந்து
ஒற்றைச் சாரத்தோடு ஓடிவந்தவர்.

இலவசப் பத்திரிகையில் ஒரு கோடு,
வருடத்துக்கு வருடம் இறங்குகிறது.
நல்லதுதான்.
கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில்:
இறந்தவர்களில் அதிகம் பேர்
தங்களைத் தாங்களே.
என் டொச்சில் பிழையென்று நினைத்து
இன்னொரு தரம் வாசித்தேன்.

மூன்றாம் மாடி ஸ்பின்டன் அம்மாவின் புருஷன்
அந்தக் கோட்டில் எங்கேயோ ஒரு புள்ளி.
அன்றைக்கு அந்தப் படிகளைக் கழுவியது என் முறை.
நேற்றுத் தபாற்பெட்டியடியில் கேட்டுவிட்டேன்,
எப்படி வாக்குப் போடுவீர்கள் என்று.

அது இல்லாவிட்டால் வேறு வழி
பார்த்திருப்பார் என்றாள்.
சாவியை விரலில் சுற்றினாள்.
வேறு வழி தேட நேரம் எடுத்திருக்கும்,
அதற்குள் நான்
கடையிலிருந்து வந்திருப்பேன் என்றாள்.
பால் மட்டும்தான் வாங்கப் போனேன்.

பிறகு, எதுவும் பேசாததுபோல்,
உங்கள் பெடியன்
இரவில் நித்திரை கொள்கிறானா?

கொள்கிறான்.
இரண்டு தரம் எழும்பிப் பார்த்தேன்.
உறை மேசையில் கிடக்கிறது, ஒட்டவில்லை.
பென்சில் பெட்டியை மட்டும்
இடம் மாற்றி வைத்திருக்கிறேன்.
அவன் இன்னும் தேடவில்லை.