வீட்டில் எத்தனை வாய்

செவ்வாய் மாலை ஏழரைக்கு
பழைய நூலாலையின் மாடியில் வகுப்பு.
பிராத்தோ நகரத்து ஈரமெல்லாம்
எங்கள் கோட்டுகளில் சொட்டிக்கொண்டிருக்கும்.
பூட்டுக்காரர் குவால்தியேரோ,
வரி அலுவலகத்து இரட்டைச் சகோதரிகள்,
பிறகு நான், ஒர்னெல்லா:
வயது ஐம்பத்துமூன்று, மகப்பேறு வார்டு, இரவுப் பணி.
ஆசிரியை ஜீ யுன்ஹேவுக்கு இருபத்தாறு.
சிரிப்பு வந்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

முதல் மாதம் முழுக்கச் சுவரைத்தான் பார்த்தாள்.

'தாங்' சமதரையில் நடந்தால் சூப்.
அதே 'தாங்' படியேறினால் சர்க்கரை.
நான் காப்பிக்குச் சூப் கேட்டேன்.
'ஒன்று கேட்கலாமா' என்ற குவால்தியேரோ
குரலைப் பள்ளத்தில் இறக்கிவிட்டார்.
'முத்தமிடலாமா' என்று ஆகிவிட்டது.
ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவருக்கு
வாயைப் பூட்டத் தெரியவில்லை
என்றாள் இரட்டையரில் ஒருத்தி.

முப்பது வருடம் குரலைக் கேட்டே பிழைத்தவள் நான்.
கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவேன்
இவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரம்,
இவளுக்கு இப்போதே என்று.
பிஸ்தோயேசே வீதியிலிருந்து வரும் பெண்கள் மட்டும்
கத்துவதில்லை.
அல்லது எனக்குக் கேட்கவில்லை.
அதற்காகத்தான் சேர்ந்தேன்.

நான்காம் பாடம், உடல்.
'தெங்' என்றால் வலி.
கேள்விபோல் நுனியில் ஏற வேண்டும்.
எழுத்தைப் பலகையில் போட்டுக் காட்டினாள்:
நோய்க்கென்று ஒரு சாய்ந்த கூரை,
அடியில் குளிர்காலம்,
பனிக்கட்டிக்கு இரண்டு புள்ளி.
கட்டம்போட்ட நோட்டில் அறுபது முறை எழுதினேன்.
அறுபதிலும் கூரை ஒழுகியது.

ஐந்தாம் பாடம், குடும்பம்.
உங்கள் வீட்டில் எத்தனை வாய்?
தலையை எண்ணுவதில்லை, வாயை எண்ணுகிறார்கள்.
உலை வைக்கிறவர்கள் போட்ட கணக்கு.
இரட்டையர் எட்டு என்றார்கள், பூனையையும் சேர்த்து.
பூனைக்கு வேறு கணக்கு என்றாள் யுன்ஹே.
நான் ஒன்று என்று எழுதினேன்.
கிடையாக ஒரு கோடு, அவ்வளவுதான்.
இத்தனை சுலபமாக வேறெந்த எழுத்தும் எனக்கு வந்ததில்லை.

பிப்ரவரி. விடியற்காலை மூன்று மணி.
ஸியாங் வென்ஜுவான், தலைப்பிரசவம்.
கணவன் துணிக்கிடங்கில்,
நாத்தனார் வெந்நீர்க் குடுவையோடு பக்கத்தில்.
குனிந்து கேட்டேன், 'தெங் மா?'
சரியாகப் படியேறி, சரியாக நுனியில் நின்று.
யுன்ஹே இருந்திருந்தால் சுவரைத் தேடியிருக்கமாட்டாள்.
வென்ஜுவான் கண் திறந்து ஏதோ சொன்னாள்.
என் புத்தகத்தில் இல்லாத சொல்.

நாத்தனார் மூடியைத் திருகிக்கொண்டே,
க-வை ஹ-வாக்கும் எங்கள் ஊர் இத்தாலியக் கொச்சையில் சொன்னாள்:
'அது வென்சோப் பேச்சு. பீஜிங்காரனுக்கே புரியாது.
நீங்கள் பேசுவது
டிவியில் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது.'

ஐந்து மாதக் கட்டணம்
கண்முன் வந்துபோனது.
'சரி, என்ன சொன்னாள்?'
'கையை விடாதே என்றாள்.'

விடவில்லை.

ஐந்து ஐம்பதுக்குப் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு.
துடைத்து நெஞ்சில் வைத்தேன்.
உச்சந்தலையில் மூக்கை வைத்து,
இந்த முறை டிவிப் பேச்சில், மெல்ல,
'தெங் நி' என்றாள்.
உனக்கு வலிக்கிறதா என்று கேட்கிறாளாக்கும் என்று
நான் குழந்தையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.
விரல் பத்தும் இருந்தன. கழுத்து சரி. கால் சரி.
இரண்டு பெண்களும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்,
சுவர்ப்பக்கம் திரும்பாமல்.

செவ்வாய்க்கிழமை யுன்ஹேவிடம் கேட்டேன்.
'அதற்கு அப்படியும் ஒரு பொருள்.
ஒருவர்மேல் உயிரையே வைப்பது.'
'அதே எழுத்தா?'
'அதே எழுத்து.'
'குளிர்காலம், கூரை, எல்லாமா?'
'எல்லாம். படியும் அதே படி.'
'முதலிலேயே சொல்லியிருக்கலாமே!'
'அது மூன்றாம் நிலையில் வரும்' என்றாள்.

அடுத்த நிலைக்குப் பணம் கட்டிவிட்டேன்.
குவால்தியேரோவும் கட்டியிருக்கிறார்.
என்னிடம் ஏதோ கேட்க வேண்டுமாம்.
குரலை எங்கே இறக்குவாரோ தெரியவில்லை.