நீவாடு

முதல் கேள்வி சுலபம்.
திட்டத்தின் பெயர்: நீவாடு.
பொருள் தருக என்றது அடுத்த கட்டம்.
கடலுக்குள் தண்ணீர் போகும் போக்கு,
வலை இறக்குமுன் மோர்ப்பண்ணை ஆட்கள்
ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் சொல்
என்று எழுதினேன்.
இருநூறு எழுத்துக்கு மேல் ஏற்காதாம்.
வலையை வெட்டினேன். ஆட்களையும்.

உரிமம் திறந்ததா? திறந்தது.
எவரும் எடுக்கலாம், மாற்றலாம்,
சொல்லிவிட்டுப் போக வேண்டியதில்லை.
ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ளதா?
ஐஸ் கம்பெனி மாடியில் இருக்கிறோம்,
வாடகை இரண்டு மாதம் பாக்கி,
பிடி என்றால் அதுதான்.

பராமரிப்பாளர் குறைந்தது மூவர் வேண்டும்,
ஒருவர் போனாலும் ஓடுவதற்கு.
நான். தேவிபட்டினத்து ஹபீப் நிஷா.
மூன்றாவதாக,
நடுராத்திரியில் பிழை கண்டு திட்டி எழுதும்
ஒரு நார்வேக்காரர்.
முகம் பார்த்ததில்லை.
சம்மதத்துக்குக் கட்டைவிரல் அனுப்பினார்.

பயனர்கள் எத்தனை பேர்?
யார் பார்க்கிறார் என்று நாங்கள் பார்ப்பதில்லை.
ஞாயிறு இரவு சர்வர் படுத்தால்
திங்கள் விடியலில் வரும் வசவுகளை எண்ணி
நானூறு என்று போட்டாள் நிஷா.

பத்தொன்பதில் தரை தட்டியது.
நிரலில் கைவைத்த ஒவ்வொருவரும்
கையொப்பமிட்ட ஒப்புதல் இணைக்கவும்.

பதினொரு பேர். பத்து வந்துவிட்டது.
வராதது பூமிராஜ்.
பாலத்துத் தூணில் அளவுகோல் கட்டியவன்.
சோழகம் திரும்பும்போது மட்டும்
தப்பாய் வந்த கணக்கை
நாற்பத்தொரு வரியில் நேராக்கியவன்.
எல்லை தாண்டினான் என்று
யாழ்ப்பாணம் சிறையில் ஐம்பத்திரண்டு நாள்.

என்ஜின் நின்ற படகு
அன்றிரவு எந்தப் பக்கம் போயிருக்கும்?
அவன் வரிகளையே ஓட்டிப் பார்த்தேன்.
கிழக்கு, சற்றே வடக்கு.
சரியாகத்தான் சொல்கிறது.

ஒப்புதல் கிடைக்காத பகுதியை நீக்கிவிட்டு
வேறொருவர் புதிதாய் எழுதலாம்,
அறக்கட்டளைக்கு ஆட்சேபணை இல்லை.
அவன் வரிகளைப் பாராமல்
இரண்டு ராத்திரி உட்கார்ந்தாள் நிஷா.
எல்லா நாளும் பொருந்தியது.
சோழகம் திரும்பும் நாளில் மட்டும்
அரைக் கடல்மைல் விலகி நின்றது.
அரை மைல்தானே என்று
நாங்கள் இருவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி நாள்.
கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்.
பத்தொன்பதுக்கு அடியில் ஒரு கட்டம்:
கையொப்பம் இல்லையெனில் காரணம்.
எழுத்து வரம்பு எதுவும் போடவில்லை.
தட்டத் தொடங்கினேன்:
அன்று காற்று