ஹீட்டரைப் போடு

வாதி கபீர் வெள்ளிச் சந்தையில்
நானூற்று இருபது ரியால்.
வண்டிக்கு நானூறுதான் என்றார் கல்ஃபான்,
இருபது, டாங்க் நிறைய இருக்கும் பெட்ரோலுக்கு.
முள்ளைக் காட்டினார். நிறைந்துதான் இருந்தது.
அந்த முள் இன்றுவரை
நிறைந்தே இருக்கிறது.

தொண்ணூற்றெட்டு மாடல் சன்னி.
வெயில் தின்றது போகக் கூரையில்
தேமல்போல் கொஞ்சம் வெள்ளை.
டிரம் டெஸ்டில் நான்கு முறை பீப்பாயை இடித்து
ஐந்தாம் முறை வாங்கின லைசென்ஸுக்கு
இதுவே அதிகம் என்றாள் பெர்னதெத்.
ஆனால் முதல் நாளே
பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தவளும் அவள்தான்.

இடது பின்கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும்.
ரூவியில், எங்கள் பல் கிளினிக் வாசலில்
தினமும் நான் இறங்கி, சுற்றிப் போய்த் திறக்க
மந்திரி மாதிரி இறங்குவாள்.
வாட்ச்மேன் ஒருநாள் சல்யூட் வைத்தார்.
எனக்கல்ல.

ஏசி எண்பதில் போனால் குளிரும்.
நின்றால் கைவிடும்.
அதனால் தொலைவில் சிவப்பைப் பார்த்ததும்
ஊர்ந்து, இன்னும் ஊர்ந்து,
பச்சை விழும் நொடியில் போய்ச் சேர்வேன்.
பின்னால் வரும் லேண்ட் குரூஸர்கள்
என் பொறுமையை வேறு ஏதோ என்று நினைத்து
ஹாரன் அடிக்கும்.

எத்தனை கழுவியும் சீட்டில் குந்திரிக்க மணம்.
கார்பெட்டுக்கு அடியில்
இருபத்தைந்து பைசாக் காசுகள் பதினொன்று,
பஞ்சில் சுற்றிய ஒரு பால்பல்.
கீழ் வெட்டுப்பல், இடப்பக்கம்.
இது எனக்குத் தெரியும், சம்பளமே இதற்குத்தான்.
கல்ஃபானுக்குப் போன் செய்தேன்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
சுலைமாவுடையது, என்றார்,
அவளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் மகன்.
அங்கேயே இருக்கட்டுமே.
ஆஷ்டிரேயில் இருக்கிறது.

மெக்கானிக் மொனிருல்
பானெட்டைத் தூக்கியதும் முதலில் "தீதீ" என்பான்.
அந்த "தீ" எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு ரியால்.
குறுகின தீதி, ஃபேன் பெல்ட்.
நடுத்தரம், வாட்டர் பம்ப்.
போன மார்ச்சில் இழுத்தான் பாருங்கள் ஒன்று,
அந்த மாதம் முழுக்க
மூன்று பேரும் குப்பூஸும் பருப்பும்.

ஜூனில் ஒரு வெள்ளிக்கிழமை
அமெராத்திலிருந்து பவ்ஷர் போகும் மலையேற்றம்.
வெளியே நாற்பத்தாறு.
சூட்டு முள் மட்டும் இந்த வண்டியில் உண்மை பேசும்,
அது சிவப்பைத் தொட்டது.
ஒதுங்கி நிற்க இடமில்லை, பின்னால் தண்ணீர் லாரி.
மொனிருல் சொன்னது ஞாபகம் வந்தது:
இன்ஜின் கொதித்தால் அதன் சூட்டை
நீ வாங்கிக்கொள் தீதி.
ஹீட்டரைப் போட்டேன்.
முழுசாக.

"உனக்குப் பைத்தியமா" என்று அலறினாள் தமயந்தி.
கண்ணாடிகளை இறக்கினோம்,
உள்ளே வந்த காற்றும் நெருப்பு.
பெர்னதெத் கைப்பையிலிருந்த தண்ணீரைத்
தலையில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை எங்கள் மேல் தெளித்து
மாதாவைக் கூப்பிட்டாள்.
மை கரைந்து, முடி பறந்து
மூன்று பேய்கள் மலை ஏறினோம்.
உச்சியில் முள் மயிரளவு இறங்கியது.
யார் முதலில் சிரித்தது என்று
இன்னும் சண்டை போடுகிறோம்.

ஸ்கிராப்காரன் தொண்ணூறு தருவதாகச் சொல்லியிருக்கிறான்.
யோசிக்கிறேன் என்றேன்.
நிஜமாகவே யோசிக்கிறேன்.
நேற்றுகூட, முல்கியா புதுப்பிக்க
இன்ஸ்பெக்‌ஷன் வரிசையில் நின்றபடி யோசித்தேன்.
லைட் எரிந்தது. பிரேக் பிடித்தது.
போலீஸ்காரர் குனிந்து, ஹாரன் என்றார்.

அது நேராக இருந்தால் வாய் திறக்காது.
ஸ்டியரிங்கை ஒரு நூல் இடப்பக்கம் சாய்த்தால்தான் பேசும்.
சேலையைச் சரிசெய்பவள்போல்
ஒரு நூல் சாய்த்தேன்.

கத்தியது பாருங்கள்,
அவரே ஓரடி பின்வாங்கினார்.