அலகு

பதினைந்து நிமிடம் ஓர் அலகு.
எட்டு நிமிடத்துக்குக் குறைந்தால் கணக்கில் வராது.
நேரில் பார்த்தால் ஒரு குறியீடு,
தொலைபேசியில் பேசினால் வேறொன்று.
மூடிய கதவுக்கு முன்னால்
ஈரக் காலுறையோடு நின்றதற்கு
எங்கள் அலுவலகத்தில் இன்னும் எண் போடவில்லை.

என் பட்டியலில் இருபத்தெட்டுப் பேர்.
லெவர்ன் கோஸ்கிக்குப் பல் டாக்டர் தேட வேண்டும்,
ஓஃபீலியாவுக்குப் பேருந்து அட்டை,
ட்வேன் வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வருகிறார்,
பனியில் நடக்கக் காலணி இல்லை.

செவ்வாய் பத்தரைக்கு
ஆர்வில் கின்னுனன்.
டுலூத் நகரின் செங்குத்துத் தெருவொன்றில்
மூன்றாம் மாடி.
ஏரிக்காற்று எனக்கு முன்பே படியேறிவிடும்.

"ஆர்வில், ரெனாட்டா வந்திருக்கிறேன்."
உள்ளே நாற்காலி நகரும்.
"எந்த ரெனாட்டா?"
"செவ்வாய்க்கிழமை ரெனாட்டா."
"இன்று செவ்வாய் இல்லை."
அதோடு சரி.

பத்து வாரம்.
செவ்வாய் வெறுவாயாகவே போனது.
கடிதத் துவாரத்தில் குனிந்து பேசிப் பேசி
அவர் முகத்தைவிடச் செருப்பு எனக்குப் பழக்கம்:
இடது வார் அறுந்து
மீன்பிடி நரம்பால் தைத்தது.
ஒவ்வொரு தையலும் அரிசி அளவு, ஒரே நேர்.
'கை நிதானமாக இருக்கிறது' என்று கோப்பில் எழுதினேன்.
மேற்பார்வையாளர் அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினார்:
'கவனித்ததை மட்டும் எழுதவும்.'
கவனித்ததைத்தான் எழுதினேன்.

பதினோராவது செவ்வாய்
கதவு விரியத் திறந்திருந்தது.
கையில் துடைப்பம், கண்ணில் கொலைவெறி.
"கிழித்துவிட்டான், திருட்டுப் பயல். வந்து பார்."

குளிர்பெட்டியின் வயர் பிடுங்கிக் கிடந்தது.
இரவெல்லாம் அது அவரைப் பற்றியே முணுமுணுக்கிறதாம்.
அதனால் பால், வெண்ணெய், புகைபோட்ட மீன்
எல்லாவற்றையும் பையில் கட்டி
ஜன்னலுக்கு வெளியே ஆணியில் தொங்கவிட்டிருந்தார்.
நவம்பர் குளிர் இனாம்தானே.
இது எந்தப் பைத்தியத்தின் யோசனை என்று
யாராவது கேட்டால் என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
சம்பளம் வராத ஒரு குளிர்காலம்
நானும் இப்படித்தான் பால் காய்ச்சினேன்.

பை கந்தல். மீன் இல்லை.
பால் வழிந்து
கீழ்த்தளம் வரை சுவரில் வெள்ளைக் கோடாக உறைந்திருந்தது.
எதிர்க்கூரையில்
கடலே இல்லாத ஊரின் கடற்காகம்,
எங்களைப் பார்த்தபடி.
மஞ்சள் அலகில் ஒரு சிவப்புப் பொட்டு.
"ரத்தமா?"
"இல்லை ஆர்வில், அதற்குப் பிறவியிலேயே அப்படி."
சற்று யோசித்துத் தலையாட்டினார்.
நான் சொல்லி அவர் நம்பிய முதல் விஷயம்.

நிலவறையிலிருந்து மூடியுள்ள பெயிண்ட் வாளி ஒன்று கொண்டுவந்தேன்.
கழுவினார், மோந்து பார்த்தார், மறுபடி கழுவினார்.
முடிச்சுப் போட்டது அவர்.
டார்ச் பிடித்தது நான்.
திங்களன்று வீட்டுக்காரர் சோதனைக்கு வருவார் என்பதால்
கெண்டியில் வெந்நீர் வைத்து
எட்டிய மட்டும் சுவரைக் கரைத்தோம்.
கீழ்வீட்டு ஜன்னலுக்குக் கீழே எட்டவில்லை.

ஊசி பற்றி நான் வாயே திறக்கவில்லை.
அவர்தான் வாளியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:
"வியாழக்கிழமை நர்ஸ் அதே உயரமான பெண்தானா?"
"அதே பெண்தான்."
"அவளுக்குக் கை கனம் இல்லை."
வருவேன் என்றும் சொல்லவில்லை,
வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டே காலுக்குக் காரில் உட்கார்ந்து எழுதினேன்.
உணவு சேமிப்பு: போதுமானது.
குளிர்பெட்டி என்ற இடத்தில்
'உண்டு' என்று மட்டும் எழுதினேன்; பொய்யில்லை.
அலகுகள்: எட்டு.
கூட்டிப் பார்த்து ஒன்றை அடித்தேன்.
ஏழுதான் என்னுடையது.
கதவைத் திறந்தது
கூரையில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கிளப்பித் திருப்பத்தில் கைவிட்டபோது
ஓஃபீலியாவின் பேருந்து அட்டை
கோட்டுப் பையிலேயே இருந்தது.