முதல் முட்டையின் விலை

முதல் முட்டையின் விலை
நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.
ஃபிரிட்ஜ் கதவில் கணக்கு ஒட்டியிருக்கிறான் பரிதி:
கூண்டு, கம்பிவலை, மூன்று மூட்டைத் தீவனம்,
வலை கிழித்த கட்டைவிரலுக்கு
ஊசி போடப் போய்வந்த பெட்ரோல்.
என் இரண்டு நாள் விடுப்பு விட்டுப்போயிற்று என்று
அடியில் நான் சிவப்பில் எழுதினேன்.
முட்டையை மூன்றாகப் பங்கிட்டோம்.
மிளகு போதவில்லை என்றாள் நன்மொழி.

போன ஜூலையில்
ஆடிப்பட்டம் தேடி விதைத்தேன்.
வெண்டை.
பெண்டிகோவின் சிவந்த களிமண்
கடப்பாரையைத் திருப்பி அனுப்பியது.
ஒன்றும் முளைக்கவில்லை.
விதைத்த இடத்தில் காலைதோறும்
உறைபனி மட்டும் வெள்ளையாக விளைந்திருந்தது.
பழமொழியில் பிழையில்லை.
பூமியின் மறுபாதியில் நின்றுகொண்டு
அதைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மழைத்தொட்டியை விரல்முட்டியால் தட்டுவோம்,
மேலிருந்து கீழாக, தகரத்தின் வரிவரியாக.
டங், டங், டங்,
டொப்.
அந்த வரிவரைதான் இந்த மாதம்.
மழை வரும் என்று செல்போன் சொல்லும்.
கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு
மொய் மட்டும் அனுப்பும் உறவைப்போல
நாலு துளி வரும்.

ரொட்டிக்குப் புளித்தமாவு வளர்க்கப்போய்
அதற்கும் தினம் இருவேளை தீனி.
நாங்கள் வெளியூர் போனால் யார் ஊட்டுவது என்று
பக்கத்து வீட்டு டோரீனிடம் சாவி கொடுத்தோம்.
தோசைமாவு ஒருநாளும் இவ்வளவு செல்லம் கேட்டதில்லை.
ஆறாவது ரொட்டியைக் கதவுக்கு அடை கொடுத்தோம்.
ஏழாவதில் கொஞ்சம் காற்று இருந்தது.

தக்காளி மட்டும் எங்கள்மேல் இரக்கப்பட்டது.
மாசியில் பதினெட்டு சீசா.
கொதிநீரிலிருந்து எடுத்துத் துண்டின்மேல் நிறுத்திவிட்டு
விளக்கை அணைக்காமல் காத்திருந்தோம்.
ஆறும்போது மூடி உள்வாங்கி
டிக் என்று ஒரு சொல் சொல்ல வேண்டும்.
பதினேழு சொல்லின.
சொல்லாத ஒன்றை அன்றிரவே ரசம் வைத்தோம்.

நாலும் பெட்டை என்று சத்தியம் செய்துதான்
தீவனக் கடைக்காரர் விற்றார்.
அதில் மகாராணி,
நன்மொழி பெயர் வைத்து மடியில் வளர்த்தது,
பங்குனியில் ஒருநாள் நாலரை மணிக்குக்
கழுத்தை நீட்டிக்
கூவிவிட்டாள்.
கூவிவிட்டான்.
மூன்று நாள் கூண்டைப் போர்வையால் மூடினோம்.
நான்காம் நாள் நகராட்சிக் கடிதம்:
பதினான்கு நாள் அவகாசம்.
ஊரெல்லாம் கேட்டோம்.
எல்லோரிடமும் ஏற்கெனவே ஒரு மகாராணி இருந்தான்.

அதுவரை நாங்கள் எதையும் கொன்றதில்லை.
கொன்று, தோலுரித்து, பெயரில்லாமல்,
வெள்ளைத் தட்டில் வைத்து
விலையும் குறைத்துத் தந்தார்கள்.

பரிதி வீடியோவை ஒன்பது முறை பார்த்தான்.
கத்தி தீட்டினான்.
பதின்மூன்றாம் நாள் விடியலில்
தலைகீழாகப் பிடித்ததும்
சேவல் அமைதியாகிவிட்டது.
அதுதான் கெடுத்தது.
கொஞ்சம் திமிறியிருந்தால் செய்திருப்பான்.
நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

டயாலிசிஸ் பிரிவில் வேலை எனக்கு.
பிறர் ரத்தம் குழாயில் போய்த் திரும்புவதை
நாள் முழுதும் பார்த்திருப்பவள்.
கத்தியை வாங்கினேன்.
கை நடுங்கவில்லை.
நடுங்கியது பிறகு,
பூண்டு உரிக்கும்போது.

குழம்பை நன்மொழி தொடவில்லை.
சோற்றில் தயிர் ஊற்றிக்கொண்டு
எங்கள் வாயையே பார்த்தாள்.
கறி கொஞ்சம் நார்தான். நன்றாக இருந்தது.
நன்றாக இருக்கிறது என்று
இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.
ஃபிரிட்ஜ் தாளில் ‘சேவல்’ என்று எழுதிய பரிதி
எதிரே தொகை போடாமல்
பேனாவை மூடினான்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்மார்க்கெட்டில்
முழுக்கோழி பத்து டாலர்.
எடுத்தேன். எடையைப் பார்த்தேன்.
திருப்பி வைத்தேன்.
அரிசி, உப்பு, சீசா மூடிகள் ஒரு பெட்டி.
வியாழன் இரவுப் பணி, சமைக்க நேரமிராது.
வரிசையிலிருந்து விலகித்
திரும்பிப் போய்
எடுத்தேன்.