ஆறு அறைகள்

ஆயர் ஈத்தாம் பதினேழாம் மாடியை விற்று,
முப்பது வருடக் கடனும் போட்டு
பாலிக் பூலாவில் இரண்டு ஏக்கர்.
ஆறு அறைகள். நான்கு லாயங்கள்.
விற்றவர் விட்டுப்போன கிழக் குதிரை ஒன்று;
பத்திரத்தில் அது இல்லை.

பந்தயத்தில் ஓடியதாம்.
எங்கும் திறந்துவிட்டாலும்
வேலியை ஒட்டியே சுற்றுகிறது.
நடுவில் புல் முழங்கால் உயரம்.
"மக்குக் குதிரை" என்று சிரித்தார் கோவேந்தன்.

இரவு மழை.
மூத்தவள் தலையணையோடு கூடத்துக்கு வந்தாள்.
பிறகு சின்னவன்.
பிறகு, கொசு என்று சொல்லிக்கொண்டு, மாமனார்.
கால்மேல் கால் பட
பழையபடி ஐந்து பேர்.

லாயக் கதவு திறந்துதான் இருந்தது;
வேலியோரம் ஈரக் குளம்புச் சத்தம்.

அறைகளில் காற்றாடிகள் சும்மா ஓடின.
"கரண்டு பில்லு" என்றார் கோவேந்தன்.
யாரும் எழவில்லை,
அவரும்.